பிற்பாட்டுக்காரர் எங்கே நிற்பது? ரொறன்ரோவின் ஆடவர் பாடற்குழுக்கள் பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

ரொறன்ரோ பெரும்பாகத்தில் நடைபெறும் தமிழர் பொதுநிகழ்வுகள் பெரும்பாலும் ஓர் ஒழுங்கிலேயே தொடங்குகின்றன: மங்கல விளக்கேற்றல், கனடியத் தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம். கீதத்தையும் வாழ்த்தையும் பாடுவோர் பெரும்பாலும் இசைவகுப்புகளில் பயிலும் சிறுமியர். மண்டபத்தில் எழுந்து நிற்கும் ஆடவரின் உதடுகள் அசையும், ஒலி வெளிவராது. அந்த ஆடவருள் சிலரே இரண்டு மூன்று மணி நேரத்தின் பின், இராப்போசன வேளையில், மேடையேறிக் குழுவாகப் பாடுவர். அதனால் திரளும் பணம் ஊர்ப் பாடசாலைக்கோ, மருத்துவமனைக்கோ, போரினால் உறுப்பிழந்தோருக்கோ செல்லும். இக்கட்டுரை அந்த இரண்டாவது பாடலைப் பற்றியது.

புலம்பெயர் தமிழரின் நாடகம், சிறுகதை, கவிதை, நடன அரங்கேற்றம் ஆகியன பற்றி விமர்சனங்கள் எழுதப்பட்டுள்ளன. அறக்கொடை மேடையிற் குழுவாகப் பாடும் ஆடவரைப் பற்றி நாம் எழுதுவன வாழ்த்துரையும் நன்றியுரையும் மட்டுமே. நற்காரியத்துக்காகப் பாடுவோரிடம் குறைகாணல் ஆகாது என்ற எண்ணமே இதற்குக் காரணம். பண்பின்பாற்பட்டதாகத் தோன்றும் இவ்வெண்ணம் பாடுவோருக்கும் பாட்டுக்கும் தீங்கு செய்கின்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். இதனை நிறுவுதற்கு இரு மரபுகளை அருகருகே வைத்து நோக்குகின்றேன். ஒன்று, நாம் குடியேறிய இந்நிலத்தில் ஏற்கெனவே நிலவிய ஆடவர் ஒத்திசை மரபு. மற்றையது, நாம் கொண்டுவந்தும் மேடையில் இடமளிக்கத் தவறிய பிற்பாட்டு மரபு.

2. ஸ்ரௌவ்வில் ஒரு மாலை

நான் வாழும் ஸ்ரௌவ்வில், ரொறன்ரோவுக்கு வடக்கே, மார்க்கத்துக்கு அப்பால் அமைந்த சிறுநகர். 1804இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறிய ஏப்ரகாம் ஸ்ரௌவர் என்னும் மெனோனைற் சமயத்தவரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. மெனோனைற் சபைகள் பல, வழிபாட்டில் இசைக்கருவிகளை விலக்கிச் சபையார் அனைவரும் வாய்ப்பாட்டாகவே பாடும் வழக்கத்தை நெடுங்காலம் பேணியவை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் காலப்போக்கில் வடக்கே நகர்ந்தபோது இந்நகரிலும் குடிபுகுந்தன. எமக்கு முன்னரே இங்கு மனிதக்குரல் கருவித்துணையின்றி ஒலித்திருந்தது என்பதை நம்மிற் பலர் அறியோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்கால மாலையில், இந்நகரின் தேவாலயமொன்றில் நடைபெற்ற உள்ளூர் ஆடவர் குழுவொன்றின் அறக்கொடை நிகழ்ச்சிக்குச் சென்றேன். இருபது பேரளவில் நின்றனர், பெரும்பாலோர் ஓய்வுபெற்றோர். பியானோ மூடியே இருந்தது. ஒருவர் சிறிய சுருதிக்குழலை ஊதினார். எல்லோரும் ஒரு கணம் அமைதியாகக் கேட்டு, பின் பாடினர். ஒரு பாட்டின் நடுவே ஒரு பகுதியினர் வழிதவறினர். நடத்துநர் கையை உயர்த்தி நிறுத்தி மீண்டும் தொடங்கச் செய்தார். அவையோர் சிரித்துக் கைதட்டினர்.

இடைவேளையில் பாடகர் ஒருவரிடம், தமிழர் வழக்கப்படி, மிக நன்றாக இருந்தது என்றேன். அவர் நன்றி கூறிவிட்டு, மூன்றாவது பாட்டின் முடிவில் அரைச் சுரம் இறங்கிவிட்டோம், கவனித்தீர்களா என்று என்னிடம் கேட்டார். நான் கவனிக்கவில்லை. கவனிக்கவேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. அறக்கொடை நிகழ்ச்சிக்கு நான் காதைக் கொண்டுசெல்வதில்லை, காசோலைப் புத்தகத்தையே கொண்டுசெல்கின்றேன் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

3. ஸ்காபரோவின் முன்னைய குரல்கள்

அந்த முதியவரின் கேள்வி தனிமனிதப் பணிவினால் மட்டும் எழுந்ததன்று; அதன் பின்னே ஒரு மரபு உண்டு. வட அமெரிக்காவில் ஆடவர் குழுப்பாடலின் பரவலான வடிவங்களுள் ஒன்று பார்பர்ஷொப் எனப்படும் நாற்குரல் இசை. முடிதிருத்தும் கடைகளில் காத்திருந்தோர் கூடிப் பாடியதாற் பெற்ற பெயர் அது. அதன் வேர்கள் ஆபிரிக்க அமெரிக்கரின் பாடல் வழக்கில் உள்ளன என்பதை லின் அபொற் 1992இல் வெளியிட்ட ஆய்வு விரிவான சான்றுகளுடன் காட்டியது. 1938இல் ஒக்லஹோமா மாநிலத்தின் துல்சா நகரில் ஓ. சி. காஷ், ரூபேட் ஹோல் ஆகியோர் இதனைப் பேணுதற்கு ஒரு சங்கத்தை அமைத்தனர். எந்த மக்களிடமிருந்து இவ்விசை பிறந்ததோ அந்த மக்களையே அச்சங்கம் 1963 வரை உறுப்பினராக ஏற்கவில்லை. பெண்களுக்கு முழு உறுப்புரிமை 2018இலேயே கிட்டியது. ஆடவர் குழு என்னும் அமைப்பை நாம் பாராட்டும்போது, அதன் வாயில்கள் யாருக்கு மூடியிருந்தன என்பதையும் உடன் எண்ணவேண்டும். இதே கேள்வி நமது கூத்துக்களரிக்கும் பொருந்தும். பெண் பாத்திரத்தையும் ஆடவரே ஆடிய அக்களரியில் சாதியும் எல்லை வகுத்தது.

இவ்விசையில் நான்கு குரல்கள். மெட்டைக் கொண்டுசெல்வது லீட் எனப்படும் குரல். அதற்கு மேலே ரெனர், அடியிலே பேஸ். எஞ்சிய இடத்தை நிரப்புவது பரிற்றோன். பரிற்றோன் பாடுவதைத் தனியே கேட்டால் அது ஒரு பாட்டாகவே தோன்றாது. ஏனைய மூன்றும் சேரும்போதே அதன் பொருள் புலப்படும். நான்கு குரல்களும் உயிரெழுத்தொலியிலும் சுருதியிலும் துல்லியமாகப் பொருந்தும்போது, யாரும் பாடாத ஐந்தாவது ஒலி ஒன்று மேலே எழுவதாகக் கேட்கும். குரல்களின் மேற்சுரங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால் நிகழ்வது அது. தம்புராவின் நாதத்தில் மீட்டாத காந்தாரம் கேட்பதை அறிந்த தமிழ்ச் செவிக்கு இது புதிதன்று.

இதில் நமக்கு அணுக்கமான செய்தி ஒன்றுண்டு. தமிழர் பெருந்தொகையாக வந்துசேர்வதற்கு முன்னர், 1977இலும் 1980இலும், இச்சங்கத்தின் அனைத்துலகப் பெருங்குழுப் போட்டியில் முதலிடம் பெற்றது ஸ்காபரோவைச் சேர்ந்த டியூக்ஸ் ஒஃப் ஹார்மனி என்னும் ஆடவர் குழு. 2013இல் அப்போட்டி ரொறன்ரோவிலேயே நடைபெற்றபோது, முன்னர் பலமுறை இரண்டாமிடத்தில் நின்ற ரொறன்ரோ நோர்தேர்ன் லைற்ஸ் குழு முதலிடத்தை வென்றது. இவர்கள் இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள். பகலில் வேறு வேலை செய்து, வாரத்தில் ஓரிரவு கூடிப் பயிற்சி செய்பவர்கள்.

இம்மரபு அறப்பணியோடும் பிணைந்தது. 1964இல் அச்சங்கம், கன்சாஸ் மாநிலத்தின் விச்சிற்றா நகரிலிருந்த பேச்சுச் சிகிச்சை நிறுவனமொன்றைத் தனது பொது அறப்பணியாக ஏற்றது. ஒன்ராறியோவின் குழுக்களும் பேச்சுக்குறைபாடுடையோருக்காகப் பாடி நிதி திரட்டிவந்துள்ளன. அதே குழுக்கள் பயிற்சிபெற்ற நடுவர் முன் நிற்கின்றன. பாடலமைப்பு, நிகழ்த்துகை, குரற்பாங்கு எனத் தனித்தனியே புள்ளி பெறுகின்றன. போட்டி முடிந்தபின் நடுவரோடு அமர்ந்து தம் குறைகளைக் கேட்டறிகின்றன. கொடைக்காகப் பாடுவதும் அளவைக்கு உட்படுவதும் ஒருங்கே நிகழக்கூடியவை என்பதற்கு நமது அயலிலேயே அரை நூற்றாண்டுச் சான்று உள்ளது.

4. தமிழில் குழுக்குரல்

ஒத்திசை மேலைநாட்டார்க்கு உரியது, நமது இசை தனிக்குரலுக்கு உரியது என்னும் கூற்று அடிக்கடி கேட்கப்படுவது. அது அரை உண்மை. பலகுரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒருங்கே நிற்கும் அமைப்பு நமது செவ்வியல் இசையில் வளரவில்லை. ஆயினும் குழுக்குரல் நமக்கு அந்நியமன்று. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் ஏழு மகளிருக்கு ஏழு சுரங்களின் பெயர்கள் சூட்டப்படுகின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய இராசராசன் 48 பிடாரரையும், அவர்களுக்குத் துணையாக உடுக்கை வாசிப்பாரையும் கொட்டிமத்தளம் வாசிப்பாரையும் நியமித்து, நாள்தோறும் நெல் அளித்த செய்தியைக் கல்வெட்டுக் கூறுகின்றது. அங்கே பாடுவோர் நெல் பெற்றனர். ரொறன்ரோவிலோ பாடுவோர் பிறருக்காக நெல் திரட்டுகின்றனர். கொடையின் திசை மாறியுள்ளது. பெறுவோரிடம் தரம் கேட்பது எளிது, தருவோரிடம் கேட்பது கடினம் என்பதே நமது மௌனத்துக்கு அடிப்படையாகலாம்.

இருபதாம் நூற்றாண்டில் எம். பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்துத் தமிழ்ப் பாடல்களைப் பலகுரல் ஒத்திசையில் அமைத்துப் பாடச்செய்தார். ஆடவரும் பெண்டிரும் கூடிய குழு அது. தமிழ்ச்சொல் ஒத்திசையைத் தாங்கும் என்பதை அது மெய்ப்பித்தது. எனினும் ஈழத்திலிருந்து வந்த ஓர் ஆடவரின் குரல்நினைவு பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது. மார்கழியில் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் முழங்கத் திருவெம்பாவை பாடித் தெருவலம் வந்த இளைஞர் கூட்டத்தில் அது உள்ளது. கரைவலை இழுக்கையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க ஏனையோர் ஏற்றுப்பாடும் அம்பாவில் உள்ளது. எல்லாவற்றினும் விரிவாகக் கூத்தின் பிற்பாட்டில் உள்ளது.

பிற்பாட்டு எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்று நின்று நோக்கவேண்டும். ஆடுபவர் ஓர் அடியைப் பாடுவார்; பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் படிப்பர். கேட்பவருக்கு இது வெறும் மீள்கூற்றாகத் தோன்றும். உண்மையில் அவ்வேளையில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு காரியங்கள் நிகழ்கின்றன. ஆடுபவருக்கு மூச்செடுக்கவும் தாளக்கட்டுக்கு ஆடவும் அவகாசம் கிடைக்கின்றது. அவர் சுருதி பிசகியிருந்தால் குழு அதனைச் சொல்லாமலே திருத்திக் கொடுக்கின்றது. ஒலிபெருக்கி இல்லாத திறந்தவெளியில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் சென்றடைகின்றது. கதைமாந்தன் தனித்துச் சொன்ன சொல் ஊரின் குரலாக மறுமுறை கேட்கின்றது. நான்காவது காரியத்தை எந்தத் தனிப்பாடகனாலும் செய்ய இயலாது.

இக்குரல்கள் பார்பர்ஷொப் போல ஒன்றில் ஒன்று கரைவதில்லை. ஒருவர் சற்று முந்துவார். ஒருவர் அடியிறுதியை நீட்டுவார். ஒருவர் தன் கமகத்தைச் சேர்ப்பார். மெட்டு ஒன்றே, அதன் விளிம்பு பலவாகும். தேங்காய்நார்க் கயிற்றில் நார்கள் தனித்தனியே தெரிவதுபோல் குரல்கள் தெரியும். ஆயினும் கயிறு ஒன்றே. இதனைச் சுத்தமின்மை எனக் கொள்வது பிழை. அது வேறொரு கட்டுமானம்.

இடவமைப்பும் கருதத்தக்கது. மட்டக்களப்பு வட்டக்களரியில் அண்ணாவியாரும் மத்தளகாரரும் சல்லரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நடுவே நிற்க, ஆடுவோர் சுற்றிவந்து ஆடுவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன் (1964), வாலிவதை (1968) ஆகியவற்றைத் தயாரித்தபோது, இரவிரவாக ஆடிய கூத்து சில மணி நேரத்துக்குள் அடங்கி, ஒருமுகப் படச்சட்ட மேடைக்கு வந்தது. அம்முயற்சி கூத்துக்கு நாடளாவிய மதிப்பைப் பெற்றுத் தந்தது. அதனை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால் அவையோர் ஒரு திசையில் மட்டும் அமரும் மேடையில் பிற்பாட்டுக்கு நடுவிடம் இல்லை. அது பக்கத்துக்குச் சென்றது. ரொறன்ரோவில் அது பக்கத்திலிருந்தும் நகர்ந்துவிட்டது.

5. நிதிசேர் மேடை

பழைய மாணவர் சங்கங்களும் ஊர் ஒன்றியங்களும் நடத்தும் நிதிசேர் நிகழ்வுகளில் ஆடவர் குழுப்பாடல் பெரும்பாலும் கரோக்கி இசைத்தடத்துக்கே பாடப்படுகின்றது. இதற்கு நியாயமுண்டு. வாத்தியக் குழுவை அமர்த்தினால் திரட்டும் பணத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். ஆயினும் இத்தடம் பாடுவோரின் செவியைத் திசைதிருப்புகின்றது. அதன் காலவளவு மாறாதது. அதன் சுருதி பதிந்தது. எட்டுப் பேர் நின்றாலும் எட்டுப் பேரும் ஒலிபெருக்கியையே கேட்கின்றனர். ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. கண்களோ பாடல்வரி ஓடும் திரையிலிருந்து விலகுவதில்லை. அவ்வாறு நிகழ்வது குழுப்பாடலன்று. ஒரே வேளையில் நிகழும் எட்டுத் தனிப்பாடல்கள். பாடற்தேர்வும் இதற்கேற்ப ஒரு குரலுக்காக இசையமைக்கப்பட்ட திரைப்பாடல்களாகவே அமைகின்றது. பலர் பாடுவதால் அப்பாடல் எதனைப் பெற்றது என்று கேட்டால் விடையில்லை.

ஒரு நிகழ்வைக் குறிப்பிடவேண்டும். ஸ்காபரோ விருந்து மண்டபமொன்றில் ஒரு சங்கத்தின் ஆண்டுவிழா. எட்டு ஆடவர் பாடினர். அவர்களுள் எழுபது வயதைக் கடந்த ஒருவர், இளமையில் தமது ஊர்க் கூத்துகளிற் பிற்பாட்டுப் படித்தவர். இரண்டாவது பாட்டில் முதற்குரல் ஓரடியை முடித்ததும், அவர் அந்த அடியிறுதியை வாங்கி நீட்டினார். ஒரு கணம் மண்டபத்தில் பேச்சு நின்றது. ஆனால் இசைத்தடம் காத்திருக்கவில்லை. அது அடுத்த அடிக்குச் சென்றுவிட்டது. குழு தடுமாறியது. மூன்றாவது பாட்டுக்கு முன் ஒழுங்கமைப்பாளர் ஒருவர் மேடையேறி, அப்பெரியவரை மரியாதையாகவே கையிற்பிடித்து ஒலிவாங்கியிலிருந்து தள்ளிப் பின்வரிசையில் நிறுத்தினார்.

வாழ்த்துரை வழங்கும் பொறுப்பு என்னுடையதாக இருந்தது. எட்டுப் பேரும் மிக இனிமையாகப் பாடினர் என்றேன். அம்மாலையில் அவ்விசைத்தடத்தைவிட அந்தப் பெரியவரே குழுப்பாடல் எதுவென்று அறிந்திருந்தார் என்பதை நான் உணர்ந்திருந்தும் கூறவில்லை. எனது வாழ்த்துரை அவரைப் பின்வரிசையில் நிறுத்திய செயலுக்கு ஒப்புதலாயிற்று. அவை நாகரிகம் எனக் கருதி நான் செய்தது கடமை தவறுதல்.

6. அளவைகள்

அவ்வாறாயின் எவ்வளவைகொண்டு இக்குழுக்களைத் திறனாய்வது? பார்பர்ஷொப்பின் புள்ளித்தாளை அப்படியே இரவல் பெறுவது பொருந்தாது. குரல்கள் கரையவேண்டும் என்பது அதன் விதி. பிற்பாட்டுக்கு அது விதியன்று. இரண்டுக்கும் பொதுவானது ஒன்று: பாடுபவர் பக்கத்திலிருப்பவரைக் கேட்டுப் பாடுகின்றார். இதுவே முதலளவை. குழு தன் காலத்தைத் தானே வகுக்கின்றதா, ஒருவர் பிசகினால் மற்றவர் ஏந்துகின்றாரா என்பதை எந்தப் பயிற்சியுமற்ற செவியாலும் அறியலாம்.

இரண்டாவது, சொல். ஒத்திசை உயிரொலியிலே தங்குவது. ஆகவே குழுவாகப் பாடுவோர் உயிரை நீட்ட விரும்புவர். தமிழிலோ குறிலும் நெடிலும் பொருளை மாற்றுவன. வனத்தை நீட்டினால் வானமாகிவிடும். நல்ல பிற்பாட்டில் நீட்டம் அடியின் இறுதியில் விழுவதால் சொல் முதலிற் காதுக்குச் சேர்ந்துவிடுகின்றது. தமிழில் ஒத்திசை அமைக்க விழைவோர் கற்கவேண்டிய பாடம் இதிலுண்டு.

மூன்றாவது, பலராயிருப்பதன் பயன். ஒருவர் பாடினும் இதே விளைவு கிட்டுமாயின் குழு தேவையற்றது. ஒருவர் சொல்லை ஊர் திருப்பிச் சொல்வதாக ஒரு கணமேனும் கேட்டதா என்பதே வினா.

இவ்வளவைகளுக்கு எதிராக, இவர்கள் கலைஞரல்லர், களைத்த வேலைநாளின் பின் நல்லெண்ணத்தோடு வருபவர் என்று கூறப்படலாம். ஸ்காபரோவின் டியூக்ஸும் அத்தகையோரே. கண்டனத்தால் கொடை குறையும் எனவும் கூறப்படலாம். மேடையில் நிகழ்வதைக் கேளாமலே தரும் கொடை, பாட்டு இல்லாவிடினும் வரும். அதற்காகப் பாடுவோரை வருத்தவேண்டியதில்லை. கேட்டுத் தரும் கொடைக்கே பாட்டு வேண்டும்.

7. முடிவுரை

மூன்று மில்லியன் டொலர் இலக்கோடு பொதுமக்கள் கொடை திரட்டி, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழிருக்கையை நிறுவச் செய்த சமூகம் இது. ஏடுகளும் இதழ்களும் இனிப் பேணப்படும். பிற்பாட்டுக் குரல்கள் ஏட்டில் இல்லை. ஒருவரை மட்டும் இருத்திப் பதிவுசெய்தால் பிற்பாட்டு கிடைக்காது. குறைந்தது மூவரோ நால்வரோ ஒருங்கே இருக்கவேண்டும். அந்த நால்வர் இந்நகரில் வெவ்வேறு மாடிக்குடியிருப்புகளில் முதுமையடைந்து வருகின்றனர். ஊர் ஒன்றியங்கள் தம் ஆண்டுநிகழ்வில் ஒரேயொரு பாடலை இசைத்தடமின்றி, அறிந்த முதியோரை நடுவில் நிறுத்திப் பாடச்செய்தால், அது பதிவுக்கும் பயிற்சிக்கும் ஒருங்கே தொடக்கமாகும்.

மறு ஆண்டு அதே சங்கத்தார் என்னை மீண்டும் வாழ்த்துரைக்கு அழைத்தபோது இதனையே கேட்டேன். அவர்கள் தயக்கமின்றி இசைந்தனர். அவர்களிடம் முன்னரே யாரும் கேட்டிருக்கவில்லை. அப்பெரியவரோடு தொலைபேசியில் நானே பேசினேன். அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “நான் வாங்கிப் படிக்கிற ஆள், தம்பி. எடுத்துத் தாறதுக்கு இங்க ஆர் இருக்கினம்?”

இரு பெயர்களைச் சொன்னேன். ஒருவர் இறந்துவிட்டதாகக் கூறினார். மற்றவரின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்.